மரத்துல உக்காந்து வேட்டை: லேசான கயிறு எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

கரும்புக்காடு:
போன குளிர்காலத்துல நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. டர்பனுக்கு வடக்க கரும்புத் தோட்டம், புஷ்பிக்னு சொல்ற காட்டுப்பன்னி வந்து கரும்பை நாசம் பண்ணுதுன்னு தோட்டக்காரரே கூப்பிட்டாரு. கூட வந்த மச்சான் புதுசா 8 மிமீ ஸ்டாட்டிக் கயிறு (அதிகம் இழுபடாதது) வாங்கியிருந்தான், என்னோட 11 மிமீயப் பாத்து கிணத்துக் கயிறான்னு ஒரே கிண்டல். பொழுது சாயற நேரம், மேல ஏறி சேடில்ல, அதான் இடுப்புல மாட்டுற வார் இருக்கையில, சாஞ்சு, கயித்துல நகந்து இறுகுற ப்ரூசிக் முடிச்ச லேசா தள்ளினான் பாருங்க, முடிச்சு நிக்கல. சர்ருன்னு ஒரு சாண் இறங்கி அப்புறம்தான் புடிச்சுச்சு. கத்தக்கூட இல்ல அவன், ரெண்டு கையாலயும் மரத்தக் கட்டிக்கிட்டு அப்படியே நிக்கிறான். கீழ இருந்த எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. பன்னியும் வரல.

மிட்லாண்ட்ஸ் அம்பு:
கயிறு மேல ஏன் பழி போடுறீங்க? ப்ரூசிக் கார்டு, அதான் அந்த முடிச்சு போடுற சின்னக் கயிறு, எத்தன மிமீன்னு சொல்லவே இல்லயே. கயிறும் கார்டும் ஒரே தடிமனா இருந்தா முடிச்சு கவ்வாது, 8க்கு 6 போட்டா நல்லா கடிக்கும். நான் புஷ்பக் மான் பாக்க பள்ளத்தாக்குல இறங்கி ஏறுற ஆளு, 11 மிமீன்னா மீட்டருக்கே முக்கால் நூறு கிராம் வரும், 8 மிமீ கிட்டத்தட்ட அதுல பாதிதான்.

கரும்புக்காடு:
கேட்டுட்டேன். கார்டும் 8 மிமீதானாம், கடையில அப்படியே மாட்டிக் குடுத்துட்டாங்களாம்.

மரூலா நிழல்:
நான் பச்சைக் கயிறு வாங்கினேன், மான் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு. மரத்துல உக்காந்திருக்கேன், தோளுக்குப் பக்கத்துல கயிறோட மிச்சம் ஆடுது, எடுத்துச் சுருட்டலாம்னு கை நீட்டினா அதுக்கு கண்ணு இருக்கு. இவ்ளோ பெரிய கண்ணு. பூம்ஸ்லாங், மரத்துல இருக்குற விஷப் பாம்பு. அது பாட்டுக்கு மேல போயிருச்சு, எனக்குத்தான் கீழ இறங்க முடியல. தடிமன் என்ன வேணா வாங்குங்க, கலர் ஆரஞ்சா வாங்குங்க.

மரம்வெட்டி:
நான் வேட்டைக்காரன் இல்ல, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல மரம் வெட்டுற வேலை, ஒரு தடவ வேட்டைக்காரர் ஒருத்தர கயிறு போட்டு இறக்கி விட்டேன், அவ்ளோதான் என் கதை. ஆனா நீங்க பாக்க வேண்டியது வேற. லேசான கயிறுக்கு உள்ளுக்குள்ள டைனீமாங்கிற செயற்கை இழை இருந்தா அது 150 டிகிரி பக்கத்துலயே உருகிரும், நைலான் 200 தாண்டியும் தாங்கும். அதனால மேலுறை டெக்னோரா மாதிரி சூடு தாங்குற அராமிட் இழையா இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் சர்ருன்னு வேகமா இறங்காதீங்க. டைனீமா வழுக்கும், முடிச்சுக்கு வால் நீளமா விடுங்க. அட்டையில போட்டிருக்க பலம் முடிச்சு இல்லாத பலம், முடிச்சு போட்டா கணிசமா குறையும். இந்த மாதிரி கயிறுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1891, 8.5 மிமீயிலதான் ஆரம்பிக்குது, உங்க 8 மிமீ அதுக்குள்ளயே வராது. ப்ரூசிக்குக்கு பதிலா கயித்தக் கவ்வுற மெக்கானிக்கல் கருவி போடுறவங்க, அதுமேல எந்த மிமீ முதல் எந்த மிமீ கயிறு வரைக்கும்னு அடிச்சிருக்கும், படிங்க. ப்ளூ கம் (யூகலிப்டஸ்) மரம்னா பட்டை வழவழன்னு இருக்கும், ஒரு சுத்துக்கு ரெண்டு சுத்தா போடுங்க. புதுக் கயிறுன்னா தரையிலேருந்து முழங்கால் உயரத்துல கட்டி, முழு எடையும் போட்டுத் தொங்கிப் பாத்துட்டுத்தான் மேல போகணும்.

மிட்லாண்ட்ஸ் அம்பு:
அண்ணே, நீங்க பக்கி வண்டிய (பிக்கப்) மரத்தடியிலயே நிறுத்துறீங்க. அந்த 11 மிமீய முதுகுல போட்டுட்டு ஒரு நாள் எங்கூட பள்ளத்தாக்குக்கு வாங்க, அப்புறம் தரம் பேசுவோம்.