கொல்கத்தாவில் வசந்த பஞ்சமி: சின்னவளுக்கு எழுத்தை இப்போதே தொடங்கலாமா, விஜயதசமி வரை காத்திருக்கவா?

கொல்கத்தாவுக்குப் புதுசு (கேள்வி)

வணக்கம். ஆறு மாதம் முன்னால்தான் மாற்றலில் குடும்பத்தோடு கொல்கத்தா வந்தோம். துர்கா பூஜை சமயத்தில் ஊருக்குப் போய்விட்டதால் எங்களுக்கு இங்கே இதுதான் முதல் பூஜை. ஜனவரி 23, வெள்ளிக்கிழமை வசந்த பஞ்சமி, இங்கே அன்றுதான் சரஸ்வதி பூஜை என்று குடியிருப்புப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து சந்தா வாங்கிப் போனார்கள். கூட வந்த அம்மா என் சின்னவளைப் பார்த்துவிட்டு, இவளுக்கு அன்றைக்கே "ஹாத்தே கொரி" (முதல் எழுத்து எழுத வைப்பது) செய்துவிடுங்கள், புரோகிதர் எப்படியும் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து வீட்டில் பட்டிமன்றம். சின்னவளுக்கு மூன்றரை வயது. போன விஜயதசமிக்கே நெல்லில் எழுத வைத்திருக்க வேண்டியது, அன்று பார்த்துக் காய்ச்சலில் கிடந்தாள். அடுத்த விஜயதசமி அக்டோபரில்தான், பள்ளிக்கூடமோ ஏப்ரலில் திறந்துவிடும். என் மாமியார் "பொங்கல் கரும்பு காயறதுக்குள்ள என்னடி சரஸ்வதி பூஜை, அது நவராத்திரியில் முடிஞ்சு போச்சு" என்கிறார். இது நம் பூஜைதானா, வேறா? இங்கே தொடங்கினால் விஜயதசமிக்கு மறுபடி செய்ய வேண்டுமா? அப்புறம் அஞ்சலி (கையில் பூ வைத்து மந்திரம் சொல்லி அம்மனுக்குப் போடுவது) முடியும் வரை சாப்பிடக் கூடாதாம், குழந்தைக்கும் அப்படியா? பெரியவன் பத்தாம் வகுப்பு, பிப்ரவரியில் பொதுத்தேர்வு. அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதில் அவன் மட்டும் பயங்கர பக்தியாகிவிட்டான்.

லேக் மார்க்கெட் பழசு

இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஹாத்தே கொரி இங்கேதான். தாராளமாகச் செய்யுங்கள்.

"ஹாத்தே கொரி" என்றால் கையில் சுண்ணக்கட்டி, அவ்வளவுதான். புரோகிதர் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்து சிலேட்டில் வங்காள எழுத்து எழுத வைப்பார். வங்காளத்திலும் முதல் எழுத்து "அ" தான், ஆனால் அவர்கள் வாயில் அது "ஒ" மாதிரி வரும். (சரஸ்வதியே இங்கே ஷொரொஷ்ஷொதி. முதல் வருஷம் மந்திரம் சொல்லும்போது நான் வேறு ஏதோ சாமி என்றே நினைத்தேன்.) என் மகளுக்கு அவர் எழுத வைத்து முடித்ததும் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, நீங்கள் உங்கள் எழுத்தை எழுதுங்கள் என்றார், நான் பின்பக்கத்தில் நம் "அ" எழுத வைத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த சிலேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

புத்தகம் தொடாத விஷயம் உண்மைதான், ஆனால் அது நமக்கு என்ன புதிதா? நம் வீட்டிலும் நவமியன்று புத்தகத்தை அடுக்கிப் பூஜையில் வைத்தால் விஜயதசமி காலை மறுபூஜை வரை எடுப்பதில்லையே. இங்கேயும் அதே கதைதான். புத்தகம், ஆர்மோனியம், தபலா எல்லாம் அம்மன் காலடியில் போய்விடும், மறுநாள் தயிரும் அவலும் பிசைந்து படைத்து, வில்வ இலையில் நாணல் பேனாவால் அம்மன் பெயரை எழுதிய பிறகுதான் படிப்பு. மைக்கூட்டில் மை இருக்காது, பால் இருக்கும். பெரியவனிடம் சொல்லுங்கள், ஒரு நாள் விடுமுறைதான், மறுநாள் காலை வட்டியோடு உட்கார வேண்டும். இன்னொன்று, அன்று அவன் தலையை வழித்து வாரிக்கொண்டு கிளம்பினால் ரொம்பக் குடையாதீர்கள். பள்ளிப் பெண்கள் எல்லாம் முதல் தடவையாக மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வருகிற நாள், ஊரே இதைக் காதலர் தினம் என்றுதான் கேலி பேசும்.

சாப்பாடு: அஞ்சலி கொடுப்பவர்கள்தான் வெறும் வயிற்றில் இருப்பார்கள். மூன்றரை வயசுக் குழந்தையைப் பட்டினி போடச் சொல்லி எந்த வங்காளிப் பாட்டியும் சொல்ல மாட்டாள், பால் கொடுத்துக் கூட்டிப் போங்கள். இலந்தைப் பழத்தை மட்டும் பூஜைக்கு முன்னால் கையில் கொடுத்துவிடாதீர்கள், சாமிக்குப் படைக்காமல் தின்றால் பரீட்சையில் கோட்டை விடுவாய் என்று இங்கே எல்லாப் பிள்ளைகளையும் மிரட்டித்தான் வளர்க்கிறார்கள். காயாகத் தின்று தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி என்று நான் நினைக்கிறேன். மதியம் பிரசாதமாக வரும் கிச்சுரியைத் தவறவிடாதீர்கள், கோபிந்தோபோக் அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் போட்டது, நம் வெண்பொங்கலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இலந்தைச் சட்னி இனிக்கும், திடுக்கிடாதீர்கள்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். புரோகிதரை இப்போதே பிடித்து வையுங்கள். அன்று ஒரே ஆள் எத்தனையோ வீடு ஓடுவார், தெருவில் போகிறவரை அப்படியே கையைப் பிடித்து இழுத்துப் போவதெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். பொதுப் பந்தலில் முதல் அஞ்சலி முடிந்த கையோடு உட்கார வைத்துவிடுங்கள்.

கோதாவரிக் கரை

மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வங்காளத்தை விடுங்கள், தெற்கிலேயே இந்த நாள் உண்டு. தெலங்கானாவில் நிர்மல் மாவட்டத்து பாசரவில் கோதாவரிக் கரையில் ஞான சரஸ்வதி கோயில் இருக்கிறது. அங்கே அட்சராப்பியாசம், அதாவது குழந்தைக்கு எழுத்தைத் தொடங்குவது, வருஷம் முழுக்க நடக்கும், ஆனால் வசந்த பஞ்சமியன்று கூட்டம் தாங்காது. நாங்கள் மகனுக்கு அங்கேதான் செய்தோம், மூன்று மணி நேரம் வரிசை, உள்ளே போய் உட்கார்ந்து இரண்டே நிமிஷத்தில் முடிந்தது, பையன் பலப்பத்தைக் கடித்துவிட்டான். இப்போது கையெழுத்து கோழி கிறுக்கல்தான், அதற்கு அம்மன் பொறுப்பில்லை.

பஞ்சாங்கப் பைத்தியம்

நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் இந்த நாள் "வசந்த பஞ்சமி" என்று அச்சாகித்தான் இருக்கும், நாம்தான் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமி. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கிறதே, அது புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது முந்தைய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி, அதற்கு அடுத்த பஞ்சமி இது. ஆராதனை முடிந்து ஒரு பட்சத்தில் சரஸ்வதி என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது.

குளிரில் எங்கே வசந்தம் என்று மாமியார் கேட்டால் அவர் கேட்பது நியாயம்தான். நமக்கு இளவேனில் சித்திரையும் வைகாசியும், தை முன்பனி. வடக்கிலும் கணக்குப்படி வசந்த ருது பிறகுதான், ஆனால் வயலில் கடுகு மஞ்சளாகப் பூத்து மாமரம் பூவெடுக்கிற சமயம் என்பதால் இதை வசந்தத்தின் கட்டியமாக வைத்துக்கொண்டார்கள். இதிலிருந்து நாற்பதாவது நாள் ஹோலி. புடவை ஏன் மஞ்சள் என்பதற்கும் அந்தக் கடுகு வயலைத்தான் காட்டுவார்கள். டில்லியில் நிஜாமுதீன் தர்காவில்கூட அன்றையொட்டி மஞ்சள் பூ எடுத்துப்போய்ப் பாடுகிறார்கள், அமீர் குஸ்ரோ காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று சொல்வது. காசி இந்துப் பல்கலைக்கழகம் தன் நிறுவன நாளைக் கொண்டாடுவதும் வசந்த பஞ்சமியில்தான், படிப்புக்கு நல்ல நாள் என்றுதானே அதைப் பிடித்திருப்பார்கள்.

2025இல் பஞ்சமி பிப்ரவரி 2 காலை தொடங்கி மறுநாள் காலை முடிந்துவிட, எந்த நாள் என்று ஊருக்கு ஊர் சண்டை. இந்த வருஷம் (2026) அந்தத் தொல்லை இல்லை, 23ஆம் தேதி பகல் முழுக்கப் பஞ்சமிதான்.

நெல்லும் மஞ்சளும்

நான் மாமியார் கட்சி. போகிற ஊரில் எல்லாம் அந்த ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் நம்முடையது என்று என்ன மிஞ்சும்? கூத்தனூரில் சரஸ்வதிக்குத் தனிக்கோயிலே இருக்கிறது, அக்டோபரில் லீவு போட்டு அங்கே கூட்டிப்போய் நெல்லில் எழுத வையுங்கள். அதுவரை பள்ளிக்கூடத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கட்டும், யார் கேட்கப்போகிறார்கள்.

லேக் மார்க்கெட் பழசு

கூத்தனூர் போகக் கூடாது என்று யார் சொன்னது? ஆனால் ஏப்ரலில் டீச்சர் கையில் முதல் எழுத்து எழுதிவிட்டு அக்டோபரில் "தொடங்குகிறேன்" என்று உட்காருவது எனக்கு என்னவோ போலிருக்கும். என் மகளுக்கு இரண்டும் நடந்தது, தையில் சிலேட்டு, ஐப்பசியில் தாம்பாளத்து நெல். இரண்டாவது தடவை அவள் பெயரையே எழுதிவிட்டதில் என் அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

கொல்கத்தாவுக்குப் புதுசு

எல்லோருக்கும் நன்றி. பாசர கதையையும் சிலேட்டின் பின்பக்கத்து "அ"வையும் மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "முன்பக்கம் நம்ம எழுத்து, பின்பக்கம் அவங்க எழுத்துன்னா சரி" என்றார். இதைப் புரோகிதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூத்தனூரும் உண்டு, அது தனி நிபந்தனை. நாணல் பேனாவும் அந்த மைக்கூடும் எங்கே கிடைக்கும் அக்கா?

லேக் மார்க்கெட் பழசு

எந்த தசகர்மா பண்டாரிலும் கிடைக்கும், பூஜைச் சாமான் கடைக்கு இங்கே அதுதான் பெயர். பேனா, மைக்கூடு, வாற்கோதுமைக் கதிர், மாம்பூ எல்லாம் சேர்த்தே விற்பார்கள். பலாஷ் பூவும் கேளுங்கள், நம்ம புரசுதான், புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். 22 மாலையே போய் வாங்கிவிடுங்கள், பூஜையன்று காலையில் பூ விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவீர்கள். சிலேட்டுக்கு எது முன்பக்கம் என்று புரோகிதருக்கு மட்டும் எப்படித் தெரியும், அவர் எழுதி முடித்ததும் நீங்களே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.