கல்லு எடுத்தாச்சு என்றார்கள், எந்தக் கல்லு?

வெள்ளவத்தையிலிருந்து:

பித்தக்குழாயில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் அதற்குப் பிறகு எத்தனை நாளில் பித்தப்பையை எடுத்தீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் உண்டு. வைகாசி மழைக்குள் ஒரு வியாழக்கிழமை இரவு குளிர் நடுக்கம் தொடங்கியது. மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பயம்தானே. விடிந்ததும் காலி வீதியில் ஒரு லெப்பில் இரத்தம் கொடுத்தோம். பிளேட்லெட் நன்றாக இருந்தது, வெள்ளணு மட்டும் 19,000க்கு ஏறியிருந்தது. டெங்கு இல்லை என்று நாங்கள் மூச்சு விட்ட அதே மத்தியானம் அம்மா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார். "இஞ்ச வந்து பார், சாயத் தேத்தண்ணி மாதிரிப் போகுது." வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணும் மஞ்சள்.

மேல்வீட்டு மாமி, இது செங்கமாரி, கீழ்க்காய்நெல்லி அரைத்துத் தருகிறேன் என்றார். நல்ல மனசு. ஆனால் அம்மா வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடி நிமிர முடியாமல் இருந்தார். ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே வேலை வேகமாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல், குழாய் 12 மில்லிமீட்டருக்கு வீங்கியிருந்தது. சேலைனும் அன்டிபயட்டிக்கும் ஏற்றி, மறுநாளே ஈஆர்சிபி செய்தார்கள், அதாவது வாய் வழியாகக் கமரா விட்டுப் பித்தக்குழாயைத் திறக்கிற வேலை. ஒரு கல் வந்தது, பின்னாலேயே சீழும் வந்ததாம். பித்தம் வடிய வழி திறந்திருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட், ஒரு சின்னக் குழாய், வைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா எழும்பியிருந்து பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் குணமாகிவிட்டார் என்பதற்கு எனக்கு வேறு ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

பிழை நடந்தது வீட்டுக்கு விடத் துண்டு வெட்டுகிற அன்று. இளம் டொக்டர் அவசரத்தில் சிங்களத்தில் "கல அயின் கலா", கல்லை எடுத்தாச்சு, என்றார். எங்கள் காதில் அது "கல்" என்று விழுந்தது. சிங்களத்தில் "கல" என்றால் ஒரு கல், "கல்" என்றால் பல கற்கள். அவர் ஒன்றைத்தான் சொன்னார், நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். டயக்னோசிஸ் கார்டில் "இன்டர்வல் கோலிசிஸ்டெக்டமி, 6 கிழமை", அதாவது ஆறு கிழமை ஆறவிட்டுப் பித்தப்பையை எடுக்கவேண்டும், என்று எழுதியிருந்ததை நான் வாசிக்கவே இல்லை. அம்மா லண்டனுக்கும் கனடாவுக்கும் போன் எடுத்து "கல்லு எடுத்தாச்சு" என்று அறிவித்துவிட்டார்.

ஐந்தாம் கிழமை வருத்தம் திரும்ப வந்தது. இந்த முறை குழாயில் இல்லை, பித்தப்பையே அழற்சி கண்டிருந்தது. முதல் நாள் பால் சொதி சாப்பிட்டார் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொதியைத் திட்டினார்கள். கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், உண்மைதான். ஆனால் அது சுருங்கும்போது உள்ளே கல் இருந்தது யாருடைய குற்றம்? சொதியினது இல்லை.

ஒப்பரேசன் மூன்றேகால் மணித்தியாலம். பித்தப்பை சுற்றிலும் ஒட்டிப்போயிருந்ததால், குழாய்க்குச் சேதம் வரக்கூடாது என்று அடியில் ஒரு பகுதியை விட்டு மிச்சத்தை எடுத்ததாக சேர்ஜன் சொன்னார். வயிற்றில் ஒரு ட்யூபோடு ஐந்து நாள் இருந்தார். முதல் தடவையே எடுத்திருந்தால் இப்படி இருந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

தெஹிவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:

தங்கச்சி, இருந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். முதல் தடவையிலும் ஒட்டியிருக்கிற பித்தப்பைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பித்தப்பைதான் கல் விளைகிற இடம். அங்கிருந்து ஒன்று நழுவிக் குழாயை அடைத்தால் பித்தம் தேங்கும், தேங்கினதில் ஈ.கோலை மாதிரிக் குடல் கிருமி பெருகும், அமுக்கத்தில் இரத்தத்துக்குள் ஏறும். அதனால்தான் முதலில் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். அது உயிர் காக்கிற வேலை. ஆனால் விளைகிற இடம் அப்படியே இருக்கிறது.

ஆறு முதல் எட்டுக் கிழமை ஆறவிட்டு எடுப்பது பழைய வழக்கம். வீக்கம் வடிந்தால் வெட்டுவது சுலபம் என்ற எண்ணம். குழாய்க் கல் எடுத்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒல்லாந்தில் ஒரு ஆய்வு செய்து 2010 இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிக்கு 3 நாளுக்குள் ஒப்பரேசன், மற்றப் பகுதிக்கு 6 முதல் 8 கிழமையில். காத்திருந்த 47 பேரில் 17 பேருக்கு இடையிலேயே திரும்பப் பித்தத் தொல்லை வந்தது. உடனே செய்த 49 பேரில் ஒருவருக்குத்தான். ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கம் 2019 இல் ஈஆர்சிபி செய்து 2 கிழமைக்குள் பித்தப்பையை எடுக்கச் சொல்லிவிட்டது.

ஆனால் உங்கள் அம்மா மாதிரி மூன்றாம் நாளே ஊர்க்கதை கேட்கிறவர் வேறு, பிரஷர் விழுந்து, சிறுநீரகம் மந்தமாகி, ஐசியுவில் கிடந்து வந்தவர் வேறு. பின்னவருக்கு உடம்பு தேறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே "ஏன் பிந்துகிறது" என்று கேட்கவேண்டும். நோயாளியின் உடம்பு காரணமா, தியேட்டர் லிஸ்ட் காரணமா? இரண்டாவது என்றால், வாட்டை விட்டு இறங்குமுன் சேர்ஜிக்கல் கிளினிக் திகதியைக் கையில் வாங்குங்கள். கார்டை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். நர்ஸ் மிஸ்மாரிடம் தமிழிலோ சிங்களத்திலோ நின்று கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். நானும் கோபித்திருக்கிறேன், அப்புறம் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் வீட்டில் நேர் எதிர். அப்பாவுக்கு 79 வயது. குழாய்க் கிருமி வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. இரத்தம் கட்டாமல் இருக்கக் குடிக்கிற குளொப்பிடொகிரெலை நிறுத்தினால் இதய ஸ்டென்ட் அடைக்கலாம், நிறுத்தாமல் வெட்டினால் இரத்தம் போகலாம். இதய டொக்டரும் சேர்ஜனும் ஒருவர் மற்றவருக்குக் கடிதம் எழுத, நான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மருதானைக்கும் பொரளைக்கும் அலைந்தேன். ஈஆர்சிபியில் குழாயின் வாயை வெட்டி அகலமாக்கியிருந்ததால், இன்னொரு கல் விழுந்தாலும் குடலுக்குள் இறங்க இடமுண்டு என்றார்கள். பித்தப்பை அழற்சிக்கு அது காவல் இல்லை என்றும் சொன்னார்கள். ஏழு மாதம் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான்கு சின்ன ஓட்டையில் ஒரு மணித்தியாலத்தில் முடித்தார்கள். அந்த ஏழு மாதமும் அப்பா இருமினால்கூட நான் கண்ணைப் பார்ப்பேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

எனக்கு 34 வயது. பிள்ளை பிறந்து நாலாம் மாதம் வந்தது. ஈஆர்சிபி திங்கள், ஒப்பரேசன் வெள்ளி, ஞாயிறு வீடு. தனியாரில் செய்தோம், காசைப் பற்றிக் கேட்காதீர்கள். ஈஆர்சிபிக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க வயிறு பிளந்த மாதிரி வலி. கணையம் கோபித்திருக்கிறதோ என்று இரத்தம் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெள்ளிக்கிழமைக்குச் சம்மதித்தார்கள்.

மட்டக்குளியிலிருந்து:

ஒப்பரேசனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். பிளாஸ்டிக் ஸ்டென்டை மறக்காதீர்கள். அது மூன்று மாதமளவில் எடுக்கவோ மாற்றவோ வேண்டிய சாமான். நான் வீடு மாறினபோது கார்டைத் தொலைத்தேன், பித்தப்பை போய்விட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். 14 மாதம் கழித்துத் திரும்ப அதே நடுக்கம், அதே மஞ்சள். ஸ்டென்ட் அடைத்து, அதைச் சுற்றியே புதுக் கல் கட்டியிருந்தது. இதில் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து:

மட்டக்குளி அண்ணா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு எழும்பிப்போய் கார்டை எடுத்தேன். ஒப்பரேசன் செய்தவர்கள் தந்த இரண்டாவது கார்டில் கடைசி வரியில் ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது, எண்டோஸ்கோபிக்குக் காட்டவும் என்று எழுதியிருக்கிறது. பித்தப்பையோடு அதுவும் வந்திருக்கும் என்றுதான் நானும் இவ்வளவு நாளும் நினைத்தேன். கலண்டரில் எண்ணிப் பார்த்தேன், ஸ்டென்ட் வைத்து இது பதினோராவது கிழமை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் ஷோகேஸிலிருந்து சேர்ஜன் தந்த சின்னப் போத்தலை எடுத்து, கற்களை வெள்ளைப் பீங்கானில் கொட்டினார். மிளகளவில் 31. ஸ்டென்டைத் தேடுகிறாராம். அது இதற்குள் இல்லை அம்மா, உங்களுக்குள்தான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப லண்டனுக்கு நான் சொன்னது?" என்றார்.

நாளைக் காலை ஆறு மணிக்கே நம்பர் எடுக்கப் போகிறோம். தெஹிவளை அக்கா, எண்டோஸ்கோபி யூனிட்டுக்கு நேரே போகலாமா, கிளினிக் வழியாகத்தான் போகவேண்டுமா? இன்றிரவே தெரிந்தால் நல்லது.