பவர் போட்ட வளைவு ஃபிரேமில் ஃப்ளை பால் தூரம் தப்புகிறது, எதைச் சோதிப்பது?

சென்டர்_ஃபீல்டு:
வணக்கம். பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பகுதி நடுவில், நிற்பவன் நான். இரண்டு கண்ணிலும் மைனஸ் 4 பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்) இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் எரிகிறது என்று, முகத்தைச் சுற்றி வளைந்து வரும் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமில் பவர் போட்டு வாங்கினேன். ஸ்கோர்போர்டு ஓரளவு நன்றாகவே தெரிகிறது, ஓரங்களில்தான் மங்கல். ஆனால் நேராக என்னை நோக்கி அடிக்கப்படும் ஃப்ளை பாலுக்கு (உயரே பறந்து வரும் பந்துக்கு) முன்னே ஓடிவிடுகிறேன், பந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. தரையும் லேசாகக் குழிந்த மாதிரி இருக்கிறது. போகப்போகப் பழகிவிடுமா, கண்ணாடியிலேயே கோளாறா?

நிழல்_பந்து:
லென்ஸின் டின்ட் (கருமை) எப்படி? 3ஆம் வகைக் கருப்பு என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம்தான் உள்ளே வரும். வெயிலுக்குச் சரி, மாலையில் பந்து வானத்தோடு கலந்துவிடும்.

சென்டர்_ஃபீல்டு:
டின்ட் மிதமானதுதான். நண்பகலிலும் இதே பிரச்சினை.

லென்ஸ்_மேசை:
லென்ஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பழகட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடிக்கு எழுதிய பவரை அப்படியே வளைவு ஃபிரேமில் போட்டிருப்பார்களோ என்பதே என் முதல் சந்தேகம். லென்ஸ் கண்ணுக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நிற்கும்போது பவர் மாறும். மைனஸ் 4 லென்ஸ் 20 டிகிரி சாய்ந்தால் கண்ணுக்குக் கிடைப்பது ஏறத்தாழ மைனஸ் 4.16, அதோடு யாரும் கேட்காத அரை டயாப்டர் (பவரின் அலகு) சிலிண்டர். பட்டக விளைவும், அதாவது ஒளி ஒரு பக்கமாக வளைந்து பொருள் இடம் மாறித் தெரிவதும், சேரும். அதனால் கண்கள் வழக்கத்தைவிட உள்பக்கம் திரும்ப வேண்டி வந்தால் பொருள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், வெளிப்பக்கம் என்றால் தள்ளித் தோன்றும். தரை குழிவதும் இந்த வகைக் கோளாறுதான். ஃபிரேமின் வளைவுக் கோணம், சாய்வு, கண்ணிலிருந்து லென்ஸ் உள்ள தூரம் மூன்றையும் அளந்து, ஈடுசெய்த பவர் போட்டார்களா என்று கடையில் கேளுங்கள்.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பந்தை நூலில் கட்டி, பார்வைக்குக் குறுக்கே இடவலமாக ஆடவிட்டு, கண்ணாடியோடு இரண்டு கண்ணாலும் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் பந்து நீள்வட்டத்தில் சுற்றுவதாகத் தெரிந்தால், ஒரு லென்ஸ் மற்றதைவிட இருட்டாக இருக்கலாம். வெளிச்சம் குறைந்த கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போவதே காரணம். ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிஷ் 1922இல் விளக்கியது இது.

பழைய_அவுட்ஃபீல்டர்:
தம்பி, இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு கடைசிச் சில மீட்டரில்தான் பெரிதாகக் கைகொடுக்கும். பேட்டில் பட்டதும் தூரத்தைச் சொல்வது, பந்து உங்கள் பார்வையில் எப்படி மேலேறுகிறது என்பதுதான். இயற்பியலாளர் சேவில் சாப்மன் 1968இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஏறும் வேகம் கூடிக்கொண்டே போனால் பந்து தலையைத் தாண்டும், குறைந்தால் முன்னே விழும். நேராக வரும் பந்தில் பக்கவாட்டு அசைவு இல்லை, இந்த ஒன்றைத்தான் நம்ப வேண்டும். அந்த நேரம் நீங்கள் லென்ஸின் மேல் ஓரம் வழியாகப் பார்க்கிறீர்கள்! அங்கேதான் மங்கல் என்று நீங்களே சொன்னீர்கள். கண்ணை மட்டும் உயர்த்தாமல் முகத்தையே பந்தோடு தூக்கிப் பாருங்கள்.

சென்டர்_ஃபீல்டு:
இருவருக்கும் நன்றி. நூலில் கட்டிய பந்து நேராகவே ஆடியது. கடையில் விசாரித்தேன், பழைய சீட்டில் இருந்த பவரைத்தான் அப்படியே போட்டிருக்கிறார்கள், வளைவை யாரும் அளக்கவில்லை. மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். முகத்தைத் தூக்கிப் பார்த்ததில் முன்னே ஓடுவது குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. புதிதாகச் செய்யும்போது பாலிகார்பனேட்தானா?

லென்ஸ்_மேசை:
பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ், இரண்டும் அடி தாங்கும் பிளாஸ்டிக் லென்ஸ்கள். ஓரத்தில் வண்ணச் சிதறல் டிரைவெக்ஸில் குறைவு, அபே எண் (கூடக்கூடச் சிதறல் குறையும்) 43க்கு மேல். பாலிகார்பனேட்டில் 30 அளவுதான். உங்கள் பவருக்கு டிரைவெக்ஸ் விளிம்பு கொஞ்சம் தடிக்கும், பரவாயில்லை. வளைவு குறைந்த ஃபிரேம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஃபிரேமும் லென்ஸும் சேர்ந்து விளையாட்டுக் கண் பாதுகாப்புக்கான ஏஎஸ்டிஎம் எஃப்803 தரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.