முடிவு தெரிந்தும் உட்கார வைத்த படம்

கதை முன்னாலேயே தெரிந்துவிடும் காதல் படங்களைப் பற்றி இங்கே பலரும் அலுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அந்த அலுப்பு வராத படம் பாசிலின் ‘காதலுக்கு மரியாதை’. 1997-இல் மலையாளத்தில் ‘அனியத்திப்ராவு’ என்று எடுத்ததை, அதே ஆண்டு விஜய், ஷாலினியை வைத்துத் தமிழிலும் எடுத்தார்.

சமீபத்தில் டிவியில் போட்டபோது அக்கா மகளோடு பார்த்தேன். அவளுக்கு இதுதான் முதல் தடவை. புத்தகக் கடையில் சந்திப்பு, இந்துப் பையன், மினி என்ற கிறிஸ்தவப் பெண் (ஷாலினி), தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்கும் மூன்று அண்ணன்கள். இவ்வளவு தெரிந்ததும், “அடிப்பாங்க, ஓடிப்போவாங்க, கடைசியில சேர்ந்துடுவாங்க, அதானே சித்தி?” என்றாள். ஒன்றும் தப்பில்லை, அப்படியேதான் போகிறது.

ஆனால் படத்தில் அவர்கள் ஓடிப்போன பிறகு அக்கா மகளின் பேச்சு குறைந்துவிட்டது. கடலோரக் குப்பத்தில் கல்யாணம் வரை வந்துவிட்டு, பெற்றவர்களை அழவைத்து வாழ வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவெடுத்து அவரவர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். யாரும் அவர்களைப் பிரிக்கவில்லை. அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி! சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரே அறையில் இரண்டு குடும்பமும் நிற்கிறது, ஸ்ரீவித்யாவும் கே.பி.ஏ.சி. லலிதாவும் அம்மாக்களாக அந்த முடிச்சை அவிழ்க்கிறார்கள். சேரப்போகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. யார் மனம் இளகும், எந்த நொடியில் இளகும் என்பதில்தான் பாசில் நம்மைக் காக்க வைக்கிறார். இளையராஜாவின் இசையும் அவசரப்படாமல் கூடவே வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. அண்ணன்கள் முறைப்பதற்கும் அடிப்பதற்கும் மட்டும் வருகிறார்கள். அவ்வளவு பாசமுள்ளவர்களுக்குத் தங்கையிடம் உட்கார்ந்து பேச ஒரு நல்ல காட்சி இருந்திருக்க வேண்டும். முதல் பாதியில் பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதலாகக் காட்டியதை இப்போது என்னால் ரசிக்க முடியவில்லை. காமெடி சுமார்தான்.

படம் முடிந்ததும் அக்கா மகள் கேட்டது இது: “எல்லாம் சரி சித்தி, கடைசியில பெரியவங்கதானே பேசி முடிக்கிறாங்க? மினிகிட்ட ஒருத்தராவது உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கலாமே?” நியாயமான கேள்வி. அந்தக் காட்சியில் ஷாலினியின் கண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன என்பது உண்மை. இருந்தாலும் மினி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.