சித்திரை முதல் நாளைச் சிறு குழந்தைகளோடு கொண்டாடுவது எப்படி?

கேள்வி: வாசல்கோலம், அம்மாபேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகளும், ஒன்பது மாதம் நிறைந்த ஒரு மகனும் இருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். அங்கே முந்தைய இரவே தாம்பாளத்தில் கண்ணாடி, மாங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சரக்கொன்றைப் பூ, காசு, நகை எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, சித்திரை முதல் நாள் விடியுமுன் எழுந்து, மூடிய கண்ணோடு நடந்து போய் அதில் விழிப்பது வழக்கம். என் கணவர் வீட்டில் கனி வைப்பதில்லை. வாசலில் பெரிய கோலம், மாவிலைத் தோரணம், வேப்பம்பூப் பச்சடியோடு சாப்பாடு, மாலையில் கோயிலில் பஞ்சாங்கம் கேட்பது என்று அவர்களுடைய நாள் போகும். இந்த முறை என் மாமியாரே, "உங்கள் ஊர் வழக்கப்படி கனியும் வைத்துவிடு, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதைச் சொல்லி முடியாது.

ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு நாளுக்குள் விடியலில் கனி, குளியல், பட்டுப் பாவாடை, கோயில், உறவினர் அனைவருக்கும் மதியச் சாப்பாடு, மாலையில் மறுபடி கோயில் என்று எல்லாம் வந்து நிற்கின்றன. சேலத்துச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் மகள் மாலைக்குள் அழத் தொடங்கிவிடுவாள், பெரியவர்கள் அதட்டுவார்கள், நல்ல நாள் அதோடு முடிந்துவிடும். கசக்கும் பச்சடியை அவளுக்கு எப்படிக் கொடுப்பது, மகனுக்குக் கொடுக்கலாமா, எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பேரப்பிள்ளைகளின் ஆயா, அஸ்தம்பட்டி

இரண்டு வீட்டு வழக்கமும் ஒரே வீட்டில் கூடுவது நல்ல பேறு அம்மா. ஆனால், இரண்டையும் ஒரே பகலுக்குள் அடைக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பண்டிகையின் பெரும்பகுதி அதற்கு முந்தைய வாரத்திலேயே நடந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்களுக்குத்தான் நாளும் நேரமும் முக்கியம். பிள்ளைக்குத் தன் கையால் எதைச் செய்தோம் என்பதுதான் நினைவில் நிற்கும்.

வேப்பம்பூவிலிருந்தே தொடங்குங்கள். பங்குனிக் கடைசியில் நம் ஊரில் வேப்பமரங்கள் பூத்துக் குலுங்கும். வெயில் ஏறுமுன் சுத்தமான பழைய வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்து, தாழ்ந்த கிளையை மெல்ல உலுக்கினால் பூ பொலபொலவென்று உதிரும். அதை உங்கள் மகளே கூட்டி அள்ளட்டும். வீட்டுக்கு வந்து முறத்தில் பரப்பினால், பூவோடு பூவாகக் கட்டெறும்பும், இலைத் துணுக்கும், நூல் போன்ற காம்பும் கிடக்கும். எறும்பை நீங்கள் தட்டி விட்டுவிடுங்கள். காம்பைப் பொறுக்கும் வேலையை அந்தப் பிஞ்சு விரல்கள் நம்மைவிட நன்றாகச் செய்யும். பிறகு நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

பச்சடியில் வேப்பம்பூவைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மாங்காயை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவிட்டு, வெல்லத்தைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, அது திரண்டு வந்ததும் மகளுக்கு வேண்டியதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகு மீதியில் காய்ந்த மிளகாயைத் தாளித்துக் கொட்டி, நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்த பூவை மேலே தூவுங்கள். அவள் கிண்ணத்தில் அவளே ஒரே ஒரு பூவைப் போட்டுக்கொள்ளட்டும். முகம் சுளித்தாலும், துப்பினாலும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். மாங்காயை நறுக்குமுன் காம்புப் பக்கத்தை வெட்டிப் பால் வடியவிட்டுக் கழுவ மறக்காதீர்கள். அந்தப் பால் பட்டால் பிள்ளைகளின் வாயோரம் புண்ணாகிவிடும்.

கனிக்காக விடியுமுன் அவளை உலுக்கி எழுப்ப வேண்டாம். அவள் படுக்கும் அறையிலேயே தாம்பாளத்தை வைத்துவிட்டால், அவள் கண் விழிக்கும் நேரமே அவளுக்குக் கனி காணும் நேரம். சேலத்து மாம்பழம் நன்றாக வருவது வைகாசியில்தான். சித்திரை பிறக்குமுன்பே கடையில் ஒரே சீராக மஞ்சளாக இருக்கும் பழத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகமே வரும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்றாலும் அது முற்றிலும் நின்றபாடில்லை. தாம்பாளத்துக்கு இலையோடு கூடிய பச்சை மாங்காயே போதும், அழகும் அதுதான்.

கோயிலுக்கு மாலை ஒரு முறை மட்டும் போனால் போதுமானது. பகலில் பிரகாரத்துக் கல்லில் பெரியவர்களாலேயே கால் வைக்க முடியாது. சுகவனேசுவரர் கோயிலுக்குப் போவதாக இருந்தால், சுக முனிவர் கிளி வடிவில் வந்து அங்கே வழிபட்டார் என்ற தலபுராணக் கதையை முந்தைய இரவே சொல்லி வையுங்கள். கிளிக் கதை கேட்ட பிள்ளை கோயிலுக்குள் தானே ஓடும். மதியம் விருந்தினர் இலையில் உட்காருமுன், பதினொன்றரை மணிக்கே பிள்ளைகளுக்கு ஊட்டித் தூங்க வைத்துவிடுங்கள். மற்றவையெல்லாம் அதன் பிறகு.

பதில்: ஃபேர்லேண்ட்ஸ் தந்தை

ஆயா அவர்கள் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தபடி, இருட்டில் தட்டுத் தடுமாறி நடந்து போய்த் திடீரென்று விளக்கொளியில் கண் திறப்பதுதான் கனியில் பிள்ளைகளுக்கு உள்ள பரவசமே. வெளிச்சம் வந்த பிறகு அது பாதியாகக் குறைந்துவிடும். முந்தைய நாள் மதியத் தூக்கத்தைக் குறைத்து இரவு எட்டு மணிக்கே படுக்க வைத்தால், நான்கு வயதுப் பிள்ளை ஐந்தரை மணிக்குச் சிணுங்காமல் எழும். சின்னவனை எழுப்ப வேண்டாம் என்பதில் நானும் உடன்படுகிறேன்.

பதில்: வெள்ளிப்பட்டறை, சிவதாபுரம்

எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கொலுசு வேலை செய்கிறோம். வருடப் பிறப்புக்குக் குழந்தைகளுக்குப் புதுக் கொலுசு போடுவது இங்கே பலரின் ஆசை என்பதால் இதை எழுதுகிறேன். ஒன்பது மாதக் குழந்தை எதையும் வாயில்தான் வைத்துப் பார்க்கும். நிறைய முத்துகள் தொங்கும் கொலுசை அந்த வயதில் போட வேண்டாம். பற்றவைப்பு சற்று விட்டிருந்தாலும் முத்து கையோடு வந்துவிடும். அது தொண்டையில் அடைத்தால் பெரும் ஆபத்து. வாங்கும்போது ஒவ்வொரு முத்தையும் நகத்தால் இழுத்துப் பாருங்கள். கொக்கியின் முனை தோலைக் கீறுகிறதா என்று உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். முத்தில்லாத தண்டையோ காப்போ சிறுவனுக்குப் போதும்.

கனித் தாம்பாளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காசும், கொட்டைப் பாக்கும், மோதிரமும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. பெரியவர்கள் கையில் கொடுக்கும் பணத்தை நாணயமாகக் கொடுக்காமல் புது நோட்டாகக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

பதில்: செவிலியர், ஓமலூர் வட்டாரம்

மகனைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒன்பது மாதக் குழந்தைக்கு வேப்பம்பூப் பச்சடி வேண்டாம். ஒரு வயது முடியும் வரை குழந்தையின் உணவில் உப்பும் சர்க்கரையும் வெல்லமும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. குழைய வேகவைத்த பருப்புச் சோற்றில் சிறிது நெய் விட்டு மசித்து, எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் மடியில் வைத்து ஊட்டுங்கள். அவனுக்கு அதுவே விருந்து. நல்ல நாள் என்று யாராவது நாக்கில் தேன் தடவ வந்தால், ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்று மென்மையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடலாம். வேப்பெண்ணெயை வாய்வழியாகக் கொடுப்பது அதைவிடவும் ஆபத்தானது. வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்த குழந்தைகள் உண்டு.

தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் இடையிடையே கொடுக்கலாம். இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு ஒன்று: ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் தேவையில்லை. உங்கள் மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டதால் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை போட வேண்டிய நேரம் இது. பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். பங்குனி, சித்திரையில்தான் அம்மை நோய்கள் அதிகம் பரவும். காய்ச்சலோ உடம்பில் கொப்புளமோ உள்ள உறவுக்காரக் குழந்தைகளை அன்று மட்டும் வர வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மீண்டும்: வாசல்கோலம், அம்மாபேட்டை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கனியை ஐந்தரை மணிக்கு வைப்பதென்றும், காலைக் கோயிலை விடுவதென்றும், உறவினரை மாலைப் பலகாரத்துக்கு அழைப்பதென்றும் முடிவு செய்துவிட்டோம். தாம்பாளம் மேசைமீது ஏறிவிட்டது. தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்துவிட்டோம். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மறுநாள் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று என் கணவர் கேட்கிறார். மலைப் பாதையில் மகளுக்கு வாந்தி வரும். சின்னவனோடு போவது சரியாக இருக்குமா?

பதில்: காப்பித்தோட்டம், ஏற்காடு

தாராளமாக வாருங்கள் சகோதரி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே சித்திரையிலும் காற்றில் குளுமை இருக்கும். ஆனால், எதற்காக வருகிறோம் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். ஒரே நாளில் ஏரி, பகோடா முனை, லேடிஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால், பிள்ளைகள் வண்டியிலேயேதான் இருப்பார்கள். கிளியூர் அருவியில் இந்த மாதங்களில் தண்ணீர் மிகக் குறைவு. இறங்கும் வழியும் செங்குத்தானது. கைக்குழந்தையோடு அங்கே வேண்டவே வேண்டாம். ஏரியும் அதை ஒட்டிய அண்ணா பூங்காவும் மட்டுமே இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நிறைவான ஒரு பகல். படகில் ஏறினால் மிதவை அங்கியை மகளின் அளவுக்குக் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டியது காப்பிப் பூவைத்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை விழுந்தால், அதுவரை பச்சை மொட்டாக உறங்கிக் கிடந்தவை எட்டுப் பத்து நாளில் ஒரே நேரத்தில் விரிந்துவிடும். இலைக் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக மூடிக்கொண்டிருக்க, மல்லிகையை ஒத்த மணம் சாலை வரைக்கும் வரும். மூன்று நான்கு நாளில் பழுத்துக் கருகி உதிர்ந்துவிடும் என்பதால், பூத்திருக்கிறதா என்று இங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, சாலையோரத்திலிருந்தே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பூக்காலத்தில் தேனீக்கள் மிகுதி என்பதால் செடியை உலுக்கக் கூடாது, பூவைப் பறிக்கவும் கூடாது. பறித்த பூ அத்தனையும் காயாக வேண்டியவை.

பாதையைப் பொறுத்தவரை, அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடுமுறையை ஒட்டிய நாள் என்பதால் காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். புறப்படுமுன் மகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, கைப்பேசியைப் பார்க்க விடாமல், முன்கண்ணாடி வழியாகத் தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு வளைவையும் எண்ணச் சொல்லுங்கள். பாதி வழியில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விட்டால் குமட்டல் தணியும். உயரம் ஏற ஏற காது அடைக்கும்போது சின்னவன் அழுவான். அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். நிறுத்தும் இடங்களில் குரங்குகள் இருக்கும் என்பதால் பிள்ளையின் கையில் தின்பண்டப் பொட்டலம் எதுவும் இருக்கக் கூடாது.

மாலை நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் இருவருக்கும் தலைக்குக் குல்லாவும் கைநீளச் சட்டையும் தேவைப்படும். இறங்கும்போது வண்டி இரண்டாவது கியரிலேயே வரட்டும். பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினால்தான் பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும்.