ஞாயிறுதோறும் லாக் சுழன்றபின் மின்னஞ்சல் விநியோகம் நின்றுவிடுகிறது: டவ்காட் எல்டிஏ, அனுமதி மறுப்பு

கேள்வி

வணக்கம். ஏறத்தாழ 120 அஞ்சல் பெட்டிகள் உள்ள ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். உபுண்டு 22.04இல் போஸ்ட்ஃபிக்ஸும், அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் 2.3உம் இயங்குகின்றன. வரும் அஞ்சலைப் போஸ்ட்ஃபிக்ஸ் பெற்று, பைப் வழியாக டவ்காட்டின் எல்டிஏ நிரலிடம் ஒப்படைக்கிறது. அந்த நிரல் விமெயில் என்ற பயனராக இயங்கி, உரியவரின் பெட்டியில் அஞ்சலைச் சேர்க்கிறது.

ஐந்து வாரங்களாக ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்ததும், ஞாயிறு முழுவதும் ஒரு அஞ்சல்கூட வரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான அஞ்சல்கள் ‘தற்காலிகத் தோல்வி’ என்ற குறிப்போடு தேங்கிக் கிடக்கின்றன. எல்டிஏவைக் கையால் இயக்கிப் பார்த்தபோது, /வார்/லாக்/டவ்காட்.லாக் என்ற லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்ற பொருளில் பிழை வந்தது. அந்தக் கோப்பின் உரிமையாளரை விமெயில் என்று மாற்றி, டவ்காட்டை மறுதொடக்கம் செய்து, வரிசையைத் தள்ளிவிட்டால் எல்லா அஞ்சலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு மீண்டும் அதே கதை.

எனக்குப் புரியாத செய்தி ஒன்று உண்டு. விநியோகம் நின்றிருக்கும் அதே நேரத்தில், பயனர்கள் ஐமேப் (சர்வரிலுள்ள பெட்டியைப் படிக்கும் நெறிமுறை) வழியாக உள்நுழைந்து பழைய அஞ்சல்களைப் படிக்க முடிகிறது. லாக் கோப்பின் அனுமதிதான் கோளாறு என்றால், டவ்காட் முழுவதுமே நின்றிருக்க வேண்டாமா? அந்தக் கோப்புக்கு 0666 (எவரும் படிக்கவும் எழுதவும் அனுமதி) கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

மறுமொழி 1

0666 வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம். லாக் கோப்புகளைச் சுழற்றும், அதாவது பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும், லாக்ரொடேட்டின் அமைவு அடைவில் டவ்காட்டுக்கென்று தனிக் கோப்பு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதன் உள்ளடக்கத்தை இங்கே கொடுங்கள். அடுத்த முறை சிக்கல் வரும்போது எதையும் தொடுவதற்கு முன், வார்/லாக் அடைவில் டவ்காட் எனத் தொடங்கும் எல்லாக் கோப்புகளின் அளவு, உரிமையாளர், குழு ஆகியவற்றையும் குறித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. தனிக் கோப்பு இருக்கிறது. எனக்கு முன்பு இங்கே பணியாற்றியவர் எழுதியது. அதில் உள்ளவை: வாரம் ஒரு முறை சுழற்சி, 8 பழைய கோப்புகள், சுருக்கம், ஒரு சுழற்சி தள்ளிச் சுருக்கம், பிறகு ‘கிரியேட் 0640 ரூட் அட்ம்’ (புதுக் கோப்பின் உரிமையாளர் ரூட் எனும் நிர்வாகி, குழு அட்ம்; உரிமையாளர் எழுதலாம், குழு படிக்க மட்டும்). சுழற்சிக்குப் பின் இயக்க வேண்டிய ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை.

இன்று ஞாயிறு. காலை 7 மணிக்குப் பார்த்தபோது டவ்காட்.லாக் 0 பைட். உரிமையாளர் ரூட், குழு அட்ம், அனுமதி 0640. டவ்காட்.லாக்.1 என்ற பழைய கோப்போ, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரியில் 7 மணி ஐமேப் உள்நுழைவு ஒன்று பதிவாகியிருந்தது.

மறுமொழி 2

கோப்பின் அளவையும் ஒருமுறை கவனியுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் அஞ்சல் பெட்டியின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 5,12,00,000 பைட். அந்த வரம்பு அஞ்சல் பெட்டிக்கு மட்டுமல்லாமல், விநியோகத்தின்போது எழுதப்படும் எந்தக் கோப்புக்கும் பொருந்தும் என்பதால், லாக் கோப்பு அந்த அளவைத் தாண்டியவுடன் எல்டிஏவால் அதில் எழுத முடியாமல் போய், இதே தற்காலிகத் தோல்வி வரும். நான் இதில் இரண்டு நாள் அல்லாடியிருக்கிறேன்.

மறுமொழி 3

மேலே சொன்ன வரம்பு உண்மைதான். ஆனால் அது போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளூர் விநியோக நிரல் இயக்கும் கட்டளைகளுக்கு உரியது. கேட்டவர் பைப் வழியாக எல்டிஏவை இயக்குகிறார். மேலும் டெபியனும் உபுண்டுவும் தரும் தொடக்க அமைவில் அந்த வரம்பு 0, அதாவது வரம்பில்லை என்றே வைக்கப்பட்டிருக்கும். தவிர, 0 பைட் கோப்பில் எழுத முடியவில்லை என்பதே அளவு காரணமல்ல என்று காட்டுகிறது.

கேட்டவர் ஞாயிறு காலையில் எடுத்த அந்த இரண்டு குறிப்புகளிலேயே முழு விடையும் இருக்கிறது. டவ்காட்டின் பெரும்பாலான பகுதிகள் லாக் கோப்பை நேரடியாகத் தொடுவதில்லை. ஐமேப், உள்நுழைவு போன்றவை எல்லாம் ரூட்டாக இயங்கும் ஒரு லாக் செயலியிடம் வரிகளை ஒப்படைக்கின்றன. அந்தச் செயலி கோப்பை ஒருமுறை திறந்து, திறந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. லாக்ரொடேட் கோப்பின் பெயரை மாற்றினாலும் திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது என்பதால், லாக் செயலி பெயர் மாறிய அதே கோப்பில்தான் எழுதிக்கொண்டே இருக்கும். உங்கள் டவ்காட்.லாக்.1 வளர்ந்ததும், ஐமேப் தடையின்றி ஓடியதும் இதனால்தான்.

எல்டிஏ அப்படியல்ல. ஒவ்வொரு அஞ்சலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் புதிதாக இயக்குகிறது. அது விமெயில் பயனராகவே நின்று, லாக் கோப்பைப் பெயர் சொல்லித் தானே திறக்கிறது. சுழற்சிக்குப் பின் அந்தப் பெயரில் இருப்பது ரூட்டுக்குச் சொந்தமான, 0640 அனுமதி கொண்ட புதுக் கோப்பு. விமெயில் அதன் உரிமையாளரும் அல்லர், அட்ம் குழுவிலும் இல்லை. லாக்கில் எழுத முடியாத எல்டிஏ அஞ்சலைச் சேர்க்காமல் தற்காலிகத் தோல்வியோடு வெளியேறிவிடும். வெளியேறும் எண் 75. போஸ்ட்ஃபிக்ஸ் அதை மதித்து அஞ்சலை வரிசையில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இதுவரை ஒரு அஞ்சலும் தொலையவில்லை. ஆனால் வரிசையில் ஓர் அஞ்சல் காத்திருக்கும் காலம் இயல்பாக 5 நாட்கள்தான். நீண்ட விடுமுறையில் இது நடந்து யாரும் கவனிக்காமல் விட்டால், அஞ்சல்கள் அனுப்பியவருக்கே திரும்பத் தொடங்கும்.

ஆகவே நீங்கள் திங்கள்தோறும் கையால் மாற்றிய உரிமையை, ஞாயிறுதோறும் ‘கிரியேட்’ வரி அழித்து எழுதியிருக்கிறது. வாரச் சுழற்சிக்கு லாக்ரொடேட் இயல்பாக எடுத்துக்கொள்ளும் நாள் ஞாயிறு. நள்ளிரவை ஒட்டி அதன் டைமர் ஓடுகிறது.

நான் செய்வது இதுதான். டவ்காட் அமைவில் எல்டிஏ நெறிமுறைக்கான பகுதியில், அதற்கென்று தனி லாக் கோப்பு ஒன்றைக் குறிப்பிடுங்கள், டவ்காட்-எல்டிஏ.லாக் என்று வைத்துக்கொள்வோம். வார்/லாக் அடைவில் புதுக் கோப்பு உருவாக்க விமெயிலுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. எனவே முதல் கோப்பை நீங்களே ரூட்டாக உருவாக்கி, உரிமையாளர் விமெயில், குழு அட்ம், அனுமதி 0640 என்று அமையுங்கள். லாக்ரொடேட்டில் அதற்குத் தனிப் பத்தி எழுதி, ‘கிரியேட் 0640 விமெயில் அட்ம்’ என்று கொடுங்கள். எல்டிஏ ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறப்பதால் அதற்குச் சுழற்சிக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் தேவையில்லை. சுழற்சி நடக்கும் நொடியில் பாதி வழியில் இருக்கும் ஓர் அஞ்சல் பழைய கோப்பில் ஒன்றிரண்டு வரி எழுதலாம். ஒரு சுழற்சி தள்ளிச் சுருக்குவதால் அந்த வரிகளும் காப்பாற்றப்படும்.

பழைய டவ்காட்.லாக் பத்தியில் ‘ரூட் அட்ம்’ அப்படியே இருக்கட்டும். ஆனால் சுழற்சிக்குப் பின் டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையான டவ்அட்மால் லாக்கை மீண்டும் திறக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேருங்கள். அது இல்லாவிட்டால், யாரும் டவ்காட்டை மறுதொடக்கம் செய்யாத சர்வரில் அடுத்த வாரம் .1 கோப்பு சுருக்கப்பட்டு மூலம் அழிக்கப்படும்போது, லாக் செயலி அழிந்த கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வட்டில் இடம் குறைந்துகொண்டே போகும். எந்தக் கோப்பும் கண்ணில் படாது. அதிலுள்ள வரிகளை வழக்கமான வழியில் நீங்கள் படிக்க முடியாது.

0666 பற்றி: அஞ்சல் லாக்கில் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது உள்ளது, அது எல்லோரும் படிக்கத் தக்க செய்தி அன்று. எவரும் எழுதத் தக்க லாக், ஒரு முறைகேட்டை விசாரிக்கும் நாளில் சான்றாகவும் நிற்காது. விமெயிலைக்கூட உள்நுழைவு லாக்கில் எழுத விடாமல் தனிக் கோப்பு கேட்பதற்கு அதுவே காரணம். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், அனுமதிப் பிழை ஒன்றைத் தீர்க்க யாரோ லாக் அடைவுக்கே 777 (எவருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பற்ற அடைவு என்று சொல்லி லாக்ரொடேட் அதைச் சுழற்ற மறுத்துவிட, மூன்று மாத லாக் ஒரே கோப்பாக வளர்ந்து வட்டை நிரப்பியது.

மறுமொழி 4

முந்தைய மறுமொழியின் காரண விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தீர்வில் எனக்கு வேறு கருத்து உண்டு. புதிதாக அமைப்பவர்கள் எல்டிஏவை விட்டு டவ்காட்டின் எல்எம்டிபி (அஞ்சலைப் பெற்றுப் பெட்டியில் சேர்க்கும், எப்போதும் ஓடும்) சேவைக்கு மாறுவதே நல்லது. அது டவ்காட்டின் தாய்ச் செயலியின் கீழ் ஓடுவதால், அதன் வரிகளும் லாக் செயலி வழியாகவே போகும். விமெயிலுக்கு எந்த லாக் கோப்பிலும் எழுதும் உரிமை தேவைப்படாது. மாறும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: சீவ் வடிகட்டிகளை (அஞ்சலைக் கோப்புறைகளாகப் பிரிக்கும் விதிகள்) பயன்படுத்துபவர்கள், எல்டிஏ பகுதியில் எழுதியிருந்த செருகுநிரல் வரியை எல்எம்டிபி பகுதியிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பிழையும் காட்டாமல் எல்லா அஞ்சலும் இன்பாக்ஸில் வந்து விழும்.

மாற முடியாதவர்கள், லாக் கோப்பின் பாதையைக் குறிக்கும் வரியை நீக்கிவிட்டுச் சிஸ்லாக் (கணினியின் பொது லாக் சேவை) வழியே போகவிடலாம். அப்போது எல்லாம் மெயில்.லாக் கோப்பில் சேரும். சுழற்சியை, அந்தச் சேவையை நடத்தும் ஆர்சிஸ்லாக்கின் அமைவே பார்த்துக்கொள்ளும். உபுண்டுவில் அது 4 வாரங்களை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், கூடுதல் காலம் தேவைப்படுவோர் அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எல்எம்டிபி மாற்றத்தை முறையாகச் சோதித்துவிட்டு அடுத்த மாதம் செய்யலாம் என்று இருக்கிறேன். இப்போதைக்குத் தனி லாக் கோப்பு வழியை எடுத்துக்கொண்டேன். ஆனால் புதிய அமைவுக் கோப்பை மட்டும் கொடுத்து லாக்ரொடேட்டைச் சோதனை முறையில் இயக்கியபோது, தாய் அடைவின் அனுமதி பாதுகாப்பற்றது, ‘சு’ வரியைச் சேர்க்கவும் என்று பிழை காட்டி நின்றுவிட்டது. நான் வார்/லாக் அடைவைத் தொடவே இல்லை. இரவில் தானாக ஓடும்போது மட்டும் எப்படி இந்தப் பிழை வராமல் இருந்தது?

மறுமொழி 3 எழுதியவர்

உபுண்டுவில் பலரும் இதில் இடறுகிறார்கள். அங்கே வார்/லாக் அடைவின் குழு சிஸ்லாக். அந்தக் குழுவுக்கு எழுதும் அனுமதியும் உண்டு. ரூட் அல்லாத ஒரு குழு எழுதத் தக்க அடைவில், எந்தப் பயனராக நின்று சுழற்ற வேண்டும் என்று சொல்லாமல் லாக்ரொடேட் வேலை செய்யாது. இரவில் அது முதன்மை அமைவுக் கோப்பிலிருந்து தொடங்குகிறது. அதில் ‘சு ரூட் அட்ம்’ என்ற வரி ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் தனிக் கோப்பை மட்டும் கொடுத்ததால் அந்த வரி படிக்கப்படவில்லை. உங்கள் பத்திக்குள்ளேயே ‘சு ரூட் அட்ம்’ என்று சேர்த்துவிடுங்கள். அங்கே விமெயில் என்று எழுதிவிடாதீர்கள்; விமெயிலால் வார்/லாக் அடைவில் பெயர் மாற்ற முடியாது, சுழற்சியே நடக்காது.

இன்னொன்று: லாக்ரொடேட்டை -டி (சோதனை முறை) கொடுத்து இயக்கினால் எதுவும் மாறாது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். -எஃப் கொடுத்து வலிந்து சுழற்றுவது ஒவ்வொரு முறையும் மிகப் பழைய கோப்பு ஒன்றைத் தின்றுவிடும். எனவே அதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

வரியைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை மாலை ஒரே ஒரு முறை வலிந்து சுழற்றிப் பார்த்தேன். புதிய டவ்காட்-எல்டிஏ.லாக் விமெயில் பெயரில், 0640 அனுமதியுடன் உருவானது. எனக்கு நானே ஓர் அஞ்சல் அனுப்பினேன். அது இன்பாக்ஸில் சேர்ந்ததாக ஒரு வரி அந்தக் கோப்பில் உடனே விழுந்தது.

இன்று ஞாயிறு காலை 6.30. இரவுச் சுழற்சி முடிந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் வரிசை காலியாக உள்ளது. டவ்காட்.லாக்.1 நள்ளிரவோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த உள்நுழைவுகள் எல்லாம் புதிய டவ்காட்.லாக்கில் இருக்கின்றன.