ஹாலி வால்நட்சத்திரம் 2061ஆ 2062ஆ? பாப்பா ப்ராஜெக்ட்ல மார்க் போச்சு

அம்மாபேட்டை அப்பா:
ஏங்க வானியல் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா. எங்க பாப்பா அஞ்சாவது, ஸ்கூல்ல ஹாலி பத்தி சார்ட் போடச் சொன்னாங்க. எங்கப்பா 86ல பாத்தவரு, 76 வருஷத்துக்கு ஒருக்கா கரெக்டா வரும்னு சொன்னாரு, நானும் கூட்டிப் பாத்து 2062ன்னு எழுத வச்சுட்டேன். மிஸ் ரெட் இங்க்ல சுழிச்சு 2061னு எழுதிட்டாங்க. சரி அது போகட்டும், சூரியனை நடுவுல வரைஞ்சதுக்கும் ஒரு சுழி. கோழிமுட்டை மாதிரி வட்டம்னா நடுவுலதானே சூரியன் இருக்கணும்? 76 எப்படி 75 ஆச்சு? இப்ப அது எங்கதான் இருக்கு?

ஓமலூர் ஷிஃப்ட்:
மிஸ் ரெண்டு சுழியும் கரெக்டாத்தான் போட்டுருக்காங்க தலைவரே 😀 தாத்தாவைத்தான் கேக்கணும்.

கரடுமேட்டு டெலஸ்கோப்:
அண்ணா, 76ங்கறது சும்மா சராசரி. 1835ல வந்துட்டு 1910ல வந்துச்சு, அது 74 வருஷம் சொச்சம். 1910 ஏப்ரல்ல இருந்து 1986 பிப்ரவரி 9 வரைக்கும் கிட்டத்தட்ட 76. அடுத்தது 2061 ஜூலை 28, அப்படின்னா 75 அரை. பழைய காலத்துல 79 வருஷம் இழுத்தடிச்ச தடவையும் உண்டு. காரணம் வியாழன், கொஞ்சம் சனி. நம்ம சேலம் ஜங்ஷனுக்கு வர்ற ரயிலை வழியில கிராசிங்ல போட்டுர்றாங்கள்ல, அந்த மாதிரி வியாழன் பக்கமா வரும்போது இழுப்புல வேகம் மாறிடும், ஆனா ரயில் மாதிரி லேட் மட்டும் இல்ல, சில தடவை சீக்கிரமும் வந்துரும். இது திரும்பி வரும்னு கணிச்ச எட்மண்ட் ஹாலிங்கற விஞ்ஞானி, 1758 கடைசியில வரும்னு சொல்லிட்டு 1742லயே செத்துட்டாரு. அப்புறம் கிளேரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கூட லலாந்த், லெப்போத்னு ஒரு அம்மா, மூணு பேரும் கையாலயே மாசக்கணக்கா கணக்குப் போட்டு வியாழனால 518 நாள், சனியால 100 நாள் லேட்டுன்னாங்க. ஏப்ரல் 1759ன்னு சொன்னாங்க, மார்ச் 13க்கே சூரியனைச் சுத்திருச்சு. ஒரு மாசம்தான் தப்பு, கால்குலேட்டர் இல்லாத காலத்துல! இது போக வால்நட்சத்திரம் சூடாகி ஆவி பீச்சியடிக்கும்ல, அதுவும் ராக்கெட் மாதிரி லேசா தள்ளும்.

சூரியன் மேட்டருக்கு வர்றேன். பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கற தூரத்தை 1 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல சூரியன், மூணு மாடி வீடு உசரத்துக்கு ஒரு உருண்டை. 1 கிமீ தள்ளி பூமி, ஒரு சாத்துக்குடி. ஹாலி கிட்ட வரும்போது சூரியன்ல இருந்து 600 மீட்டர்கூட இல்ல, நடந்தா ஏழெட்டு நிமிஷம். தூரமா போகும்போது 35 கிமீ, அதாவது ரோட்டுல ஏற்காடு போற தூரத்தையும் தாண்டி. நெப்டியூனே 30 கிமீல, ஏற்காடு ஏரிகிட்ட நிக்கும். இதுல ஹாலியோட சைஸ் கேட்டா சிரிப்பீங்க, ஒரு ரவையை அஞ்சா உடைச்சா ஒரு துண்டு.

முழு பாதையும் 36 கிமீ நீளம், 9 கிமீ அகலம்தான், அதனால சார்ட்ல கோழிமுட்டை வேணாம், வெண்டைக்காய் மாதிரி வரைங்க, சூரியனை ஒரு ஓரத்துக் கோடியில ஒட்டிடுங்க. வேகமும் அப்படித்தான். நிஜத்துல கிட்ட வரும்போது செகண்டுக்கு 54 கிமீ, கடைசி மூலைல 1 கிமீகூட இல்ல. நம்ம மாடல்ல சொன்னா சூரியன் பக்கத்துல ஒரு நாளைக்கு 30 மீட்டர், அந்தக் கோடியில ஒரு நாளைக்கு ஒரே ஒரு முழம், பூ விக்கற முழம். 2023 டிசம்பர்ல அந்தக் கோடியைத் தொட்டுட்டுத் திரும்பிருச்சு, இப்ப நம்ம பக்கம்தான் வந்துட்டிருக்கு.

அம்மாபேட்டை அப்பா:
முழக்கணக்கு பாப்பாவுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு 🙏 இப்ப அடுத்த கேள்வி, வால்நட்சத்திரம் ஐஸ்தானே, ஐஸ்னா வெள்ளையாத்தானே இருக்கும், அதுக்கு கருப்பு கிரேயான் எதுக்குன்னு சண்டை போடறா.

நாகலூர் பெருசு:
பாப்பாகிட்ட கருப்பையே அடிக்கச் சொல்லுங்க தம்பி. நம்ம ஊரு வெள்ளக்கல் மாதிரி இருக்கும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். 1986 மார்ச்ல ரஷ்யாக்காரன் விட்ட வேகா விண்கலம் ரெண்டும், அப்புறம் மார்ச் 14ல ஐரோப்பாக்காரன் விட்ட ஜியோட்டோ விண்கலம் 600 கிமீ கிட்டக்கவும் போய் பாத்தா அடுப்புக்கரி! விழற வெளிச்சத்துல நூத்துக்கு நாலுதான் திருப்பி அனுப்புது. 15 கிமீ நீளம், 8 கிமீ அகலம், வேர்க்கடலை மாதிரி ஒரு கட்டி. உள்ள ஐஸும் தூசியும், மேல கருப்புப் பொருக்கு, அதுல அங்கங்க பொத்துக்கிட்டு ஆவி பீச்சும், அதுல முக்காவாசிக்கு மேல தண்ணி ஆவிதான். தூசி அடிச்சு ஜியோட்டோவோட கேமராவே போயிருச்சு.

நான் அப்ப இங்க ஏற்காட்டுல எஸ்டேட்ல சின்ன வேலை. ஏப்ரல் ரெண்டாவது வாரம், அமாவாசை ஒட்டி, ராத்திரி தெக்கால பாத்தோம். அப்ப சேலத்துல இவ்வளவு லைட் கெடையாது. பேப்பர்ல வந்த படம் மாதிரி வாலை எதிர்பாத்துட்டுப் போயி, பஞ்சைப் பிச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல்தான். துரை வீட்டு பைனாகுலர்ல கொஞ்சம் பரவாயில்ல. பொண்டாட்டி இதுக்கா எழுப்புனீங்கன்னு திட்டிட்டுப் படுத்துட்டா. அந்த வருஷம் ஜனவரி 6லதான் காவலூர்ல 2.34 மீட்டர் பெரிய டெலஸ்கோப்பைத் தொறந்தாங்க, அங்க போயிருக்கலாம்னு இன்னிக்கும் தோணும்.

ஓமலூர் ஷிஃப்ட்:
ஐயா ஒரு டவுட், வால் பின்னாடிதானே வரும், ராக்கெட் புகை மாதிரி?

கரடுமேட்டு டெலஸ்கோப்:
இல்லண்ணா, சூரியனுக்கு எதிர்ப்பக்கமாத்தான் நீளும். உள்ள வரும்போது பின்னாடி, திரும்பிப் போகும்போது வால்தான் முன்னாடி.

பாப்பாவுக்கு 2061 வரைக்கும் காத்திருக்க வேணாம்ணா. ஹாலி வழியில போட்ட தூசியை வருஷா வருஷம் ரெண்டு தடவை நாம கடக்கறோம், மே முதல் வாரம் ஒண்ணு, அக்டோபர் 21 வாக்குல ஒண்ணு. மே மாசத்தது நமக்கு நல்லாவே தெரியும், ராத்திரி 3 மணிக்கு மேல கிழக்கால கும்ப ராசிப் பக்கமிருந்து எரிகல் வரும். ஹாலி கிரகங்களுக்கு எதிர்த்திசையில சுத்துது, அதனால அந்தத் தூசி நம்மமேல நேருக்கு நேரா செகண்டுக்கு 66 கிமீல மோதுது. ஏற்காட்டுல லேடிஸ் சீட் வியூ பாயிண்ட் மட்டும் போயிடாதீங்க, கீழ சேலம் மொத்த லைட்டும் கண்ணுல அடிக்கும். நிலா இல்லாத வருஷமா பாத்துக்கோங்க.

நாகலூர் பெருசு:
இங்க ஏற்காடு பக்கம் நாகலூருக்கு வாங்க தம்பி. காபி காயப்போடற களம் மே மாசம் சும்மாதான் கெடக்கும், கிழக்கால மரம் மறைக்காது. பாய் போட்டுப் படுத்துக்கலாம். ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க.

அம்மாபேட்டை அப்பா:
ரொம்ப நன்றிங்க ஐயா, கண்டிப்பா வர்றோம். ஒரே ஒரு விஷயம், அட்டை கடிக்குமான்னு வீட்டுல கேக்கறாங்க.

நாகலூர் பெருசு:
முந்தின நாள் மழை பேஞ்சிருந்தா கடிக்கும். ஒரு பொட்டலம் உப்பு எடுத்துட்டு வாங்க.